நிறைந்த இறாக்கையும் வெறும் கல்லாப்பெட்டியும்

“இரும்பு எங்கே போகப்போகிறது? அழுகிற சாமானா, காலாவதியாகிற சாமானா? கிடக்கட்டும், என்றைக்காவது விலை போகும்.” லேத் பட்டறை வைத்திருக்கும் எமது சகோதரர்கள் இருவர் சந்தித்தால் இந்த வார்த்தை வராமல் பேச்சு முடிவதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இது ஒரு கொள்கையாகவே மாறிவிட்டது. கையில் நாலு காசு மிஞ்சினால் உடனே கொழும்புக்குப் போய் இரும்பு வாங்கிப் போடுவது, பட்டறையில் இடமில்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கி அடுக்குவது, அதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறுதலடைவது. இந்த ஆறுதல் பிழையானது என்பது எனது கருத்து. 2022 எமக்குச் சொன்ன பாடத்தை நாம் தலைகீழாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ரம்புக்கனையில் இருபது வருடங்களுக்கு மேலாக லேத் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ரம்புக்கனை, மாவனல்லை, ஹெம்மாதகமை, கேகாலைப் பக்கங்களில் எம்மைப் போன்ற பட்டறைகள் பல உள்ளன. ஒரு லேத், ஒரு துளையிடும் மெஷின், ஒரு வெல்டிங் பிளாண்ட், சற்று வசதியிருந்தால் ஒரு மில்லிங் மெஷின். இறப்பர்த் தொழிற்சாலையின் ரோலருக்கு ஷாஃப்ட், சிறு தோட்டக்காரரின் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு புஷ், மரம் அரியும் ஆலைக்குப் புல்லி, நெல் ஆலைக்குக் கப்ளிங், லொறிக்கு பின், இப்படித்தான் எமது வேலை. கேகாலை மாவட்டம் இறப்பர் மாவட்டம். ஒரு ரோலர் நின்றால் அன்றைய பால் அன்றைக்கே வீணாகும். ஆகவே வருகிறவர் எல்லோரும் “இன்றைக்கே வேண்டும்” என்றுதான் வருவார். இன்றைக்கே கொடுக்க வேண்டுமானால் இரும்பு கையில் இருக்க வேண்டும். சரக்கு வைத்திருப்பதற்கு நான் எதிரி அல்லன். என்ன சரக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

எமது நாட்டில் இரும்புத் தாது உருக்கும் ஆலை கிடையாது. சோவியத் உதவியுடன் அத்துருகிரியப் பக்கம் ஆரம்பிக்கப்பட்ட உருக்குத் தொழிற்சாலையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதன் பேர் பெற்ற சரக்கு கட்டடக் கம்பிதான். நாம் லேத்தில் பூட்டும் ஷாஃப்ட் இரும்பு, ஈ.என்.8, ஈ.என்.24, கன்மெட்டல், பித்தளை எல்லாம் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ கப்பலில் வருபவை. அதாவது எமது இறாக்கையில் கிடப்பது இரும்பு மாத்திரம் அல்ல. அது ஒரு வகையில் டொலர். இதை மறந்துவிட்டு ரூபாவில் கணக்குப் பார்த்தவர்களைத்தான் 2022 அடித்தது.

அந்த நாட்களைச் சற்று ஞாபகப்படுத்திப் பார்ப்போம். 2022 மார்ச் 7 ஆம் திகதி வரை டொலர் 203 ரூபா அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மத்திய வங்கி கயிற்றைத் தளர்த்தியதும் மே மாதத்துக்குள் அது 360 ரூபா அளவுக்குப் போனது. வங்கிகளில் கடன் கடிதம் திறக்க டொலர் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 19 ஆம் திகதி, பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவுக்கு ஏறிய அன்று, எமது ஊர் மக்கள் ரயில் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டனர். ரம்புக்கனை என்ற பெயரை உலகச் செய்திகளில் கேட்டது அப்போதுதான். ஒரு காலத்தில் கடுகண்ணாவை ஏற்றத்துக்காக ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டும் ஊர் என்றுதான் எம்மை அறிவார்கள்.

அந்த வாரங்களில் கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்பு விலை கேட்டால் “எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள். காலையில் சொன்ன விலை அஸருக்குப் பிறகு இல்லை. தொலைபேசியில் விலை சொல்வதையே சிலர் நிறுத்திவிட்டார்கள்.

இதை அனுபவித்தவர்கள் “சரக்கு இருந்தவன் பிழைத்தான்” என்று முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் உண்மையில் அப்படித்தான் நடந்ததா? எனக்கு நன்கு தெரிந்த ஒரு பட்டறையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நெருக்கடி வரும்போது அவரிடம் நான்கு தொன்னுக்குக் குறையாத இரும்பு இருந்தது. ஊரில் எல்லோரும் “அவருக்கு என்ன, ராஜா” என்றார்கள். மூன்று வாரத்தில் அவருடைய 38 மில்லிமீற்றரும் 50 மில்லிமீற்றரும் தீர்ந்தன. கன்மெட்டல் அதற்கு முன்பே தீர்ந்தது. மிச்சம் கிடந்தது என்ன? ஏலத்தில் எடுத்த பழைய தடித்த ஷாஃப்ட்டுகள், எந்த ரகம் என்று எவருக்கும் தெரியாத நாலங்குல உருளைகள், ஆறுமுகக் கம்பிகள், யாரோ சல்லிசாகத் தந்தார் என்று வாங்கிய பிளேட்டுகள். மூன்று தொன்னுக்கு மேல் அவரிடம் இருந்தது, ஆனால் வாசலுக்கு வந்த வேலைக்குப் பொருத்தமான ஓரடி இல்லை. 50 மில்லிமீற்றர் ஷாஃப்ட்டை 100 மில்லிமீற்றர் உருளையிலிருந்து கடைந்து எடுக்கலாம்தான். ஆனால் நூற்றுக்கு 75 பங்கு இரும்பு சுருளாகப் போய்விடும். அந்த மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிச் சுருள் உற்பத்தி செய்கிறவர் யார்? அடுத்த வருடம் அவர் லேத்தை விற்றுவிட்டார். அவரிடம் வேலை பழகிய இரண்டு பையன்களும் இப்போது கட்டாரில் இருக்கிறார்கள்.

அதே வேளையில் ஒரு தொன் கூட இல்லாத சில பட்டறைகள் அந்த வருடத்தைத் தாண்டின. அவர்களுக்குத் தங்களிடம் என்ன இருக்கிறது, எது எத்தனை நாளைக்கு வரும் என்று தெரிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்தது விலை. இதில் எமது பட்டறைக்காரர்களுக்கு இன்றுவரை ஒரு மனச்சங்கடம் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்து, “நானா, இது போன வருஷம் எடுத்த சாமான்தானே? பழைய விலைக்கே போடுங்களேன்” என்று கேட்பார். கேட்பவர் தெரிந்தவர், பள்ளியில் பக்கத்தில் நிற்பவர். பலர் வெட்கப்பட்டுப் பழைய விலைக்கே கொடுத்தார்கள். கணக்கைப் பாருங்கள். 20,000 ரூபாவுக்கு வாங்கிய ஒரு பாரை 20 வீதம் வைத்து 24,000 ரூபாவுக்குக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரம் இலாபம் என்று புத்தகத்தில் எழுதினீர்கள். டொலர் ஏறிய கணக்கில் அதே பாரைத் திரும்ப வாங்க 36,000 ரூபா தேவை. எழுதிய இலாபம் எங்கே? உங்கள் இறாக்கையிலிருந்து மூன்றில் ஒரு பாகம் காணாமல் போயிருக்கிறது. இப்படி மூன்று முறை விற்றால் பட்டறையே இருக்காது, இலாபம் மட்டும் புத்தகத்தில் இருக்கும்.

திரும்ப வாங்கும் விலைக்கு விற்பதில் அநியாயம் எதுவும் இல்லை. நாளைக்கும் அதே வாடிக்கையாளருக்கு அதே ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுக்க வேண்டுமானால் அதுதான் விலை. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. இறாக்கையில் சாமானை வைத்துக்கொண்டே “இல்லை” என்று சொல்லி, அடுத்த கிழமை விலைக்காகக் காத்திருப்பது பதுக்கல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முதலாவதைச் செய்ய வெட்கப்பட்டவர்கள் சிலரே இரண்டாவதைக் கூசாமல் செய்ததையும் கண்டோம்.

அதே நியாயம் இறங்கும்போதும் இருக்க வேண்டும் அல்லவா? 2022 கடைசியில் 360 ரூபாவுக்கு மேல் நின்ற டொலர் 2023 நடுப்பகுதியில் 300 ரூபாவின் சுற்றுவட்டாரத்துக்கு இறங்கியது. யுக்ரேன் யுத்தத்தோடு ஏறிய உலக இரும்பு விலையும் அதற்கு முன்பே தணிந்திருந்தது. 2022 இல் பயந்து அள்ளிப்போட்டவர்களின் இரும்பு, டொலர் கணக்கில் மட்டும் பார்த்தாலே, ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலை குறைந்துவிட்டது. “நான் கூடிய விலைக்கு எடுத்தேன், குறைக்க முடியாது” என்று பலர் நின்றார்கள். ஏறும்போது இன்றைய விலை, இறங்கும்போது வாங்கிய விலை! வாடிக்கையாளர் முட்டாள் அல்லர். அவர் குருநாகலுக்குப் போனார்.

அள்ளிப்போட்டவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. 2022 கடைசியில் வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களிடமே 27 வீதமளவில் வட்டி கேட்டன. நாம் வட்டிக்கு எடுக்காதவர்கள் என்று சிலர் சொல்லலாம். நல்லது. ஆனால் கைக்காசும் ஓசிக்காசு அல்லவே. பத்து இலட்சம் ரூபாவை இரும்பாக்கி மூலையில் போட்டால், அந்தப் பத்து இலட்சத்தால் பாஸுக்கு நாட்கூலி கொடுக்க முடியாது, மின்சாரப் பட்டியல் கட்ட முடியாது. தோட்டக் கம்பெனிகள் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் காசோலை தரும். இரும்புக் கடைக்காரரோ காசைக் கையில் வைத்தால்தான் கம்பியைத் தூக்கவே விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்கு மூச்சுவிடக் காசு வேண்டும். பட்டறை மூடுவது பெரும்பாலும் இந்த மூச்சு முட்டியே தவிர, இரும்பு இல்லாமல் அல்ல.

அப்படியானால் சரக்கே வைக்காமல், வேலை வந்த பிறகு வாங்கலாமா? ஜப்பானின் டொயோட்டா கம்பெனி அப்படித்தான் செய்கிறது என்று முகாமைத்துவ வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேவையான சாமான், தேவையான நேரத்தில், தேவையான அளவு. அழகான ஏற்பாடுதான். ஆனால் டொயோட்டாவே 2011 மார்ச் 11 ஆம் திகதி பூகம்பத்தில் அடிபட்ட பிறகு எல்லாச் சாமானுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது என்று கண்டுகொண்டது. எந்தச் சாமான் திரும்பக் கிடைக்க நாட்கள் அதிகம் எடுக்கும் என்று தேடிப்பார்த்து, மின்னணுச் சிப் போன்றவற்றை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை கையிருப்பில் வைத்திருக்கும்படி வழங்குநர்களிடம் கூறியது. 2021 ஆரம்பத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து மற்றக் கார்க் கம்பெனிகள் தடுமாறியபோது டொயோட்டா ஓரளவு தாக்குப்பிடித்தது. அந்த வருடக் கடைசியில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது என்பது வேறு விடயம். எந்தக் கையிருப்பும் எல்லாப் புயலுக்கும் குடையாகாது.

எமது அளவுக்கு இதை எப்படிப் பொருத்துவது? ரம்புக்கனையிலிருந்து கொழும்பு ஒரு நாள் பயணம். சாதாரண காலத்தில் 25, 38, 50 மில்லிமீற்றர் சாதா இரும்பு எந்த நாளும் கிடைக்கும், கேகாலையிலும் கிடைக்கும். அவற்றை இரண்டு மூன்று கிழமை ஓட்டத்துக்கு வைத்தால் தாராளம். கன்மெட்டல், ஈ.என்.24, பெரிய விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஆகியவற்றின் கதை வேறு. இவை தேவைப்படுவது குறைவு, ஆனால் தேவைப்படும்போது பதிலாக வேறொன்றைப் போட முடியாது, கொழும்பிலும் ஒன்றுக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். காசை இவற்றில் போடுங்கள். எம்மவர்கள் செய்வது நேர் எதிர். தினமும் கிடைப்பதைத் தொன் கணக்கில் அடுக்கிவிட்டு, கிடைக்காததை வேலை வந்த பிறகு தேடி ஓடுகிறார்கள். எந்த அளவு உங்கள் பட்டறையில் ஓடுகிறது என்று அறியப் பெரிய கணினி தேவையில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியில் மூன்று மாதம், எடுத்த இரும்பின் விட்டம், நீளம், என்ன வேலைக்கு என்று எழுதிப் பாருங்கள். நாற்பது வகை இரும்பு வைத்திருக்கும் பட்டறையில் ஏழெட்டு வகைதான் மாறி மாறிப் போவதைக் காண்பீர்கள்.

எழுதும்போது ரூபாவில் எழுதவேண்டாம். அடியிலும் கிலோவிலும் எழுதுங்கள். ரூபா மாறிக்கொண்டே இருக்கும். வற் வரி கூட 2022 இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. இரும்பின் எடை மாறாது. உருளைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 50 மில்லிமீற்றர் என்றால் 2,500 ஐ 162 ஆல் வகுக்க 15.4 கிலோ. இருபதடிப் பார் சுமார் 94 கிலோ. இந்தக் கணக்குத் தெரியாமல் கடைக்காரர் தராசைப் பார்த்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொன்ன விட்டம் உண்மையில் இருக்கிறதா என்பதை வேர்னியர் வைத்துப் பார்க்காமல் லொறியில் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கணக்குப் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம். 18 அங்குல ஷாஃப்ட் பன்னிரண்டு கடைய வேண்டும். வெட்டுக்கும் முகம் சீவவும் அரை அங்குலம் சேர்த்தால் துண்டொன்று பதினெட்டரை அங்குலம். இருபதடிப் பாரில், அதாவது 240 அங்குலத்தில், பன்னிரண்டு துண்டுக்கு 222 போகும். மிச்சம் 18 அங்குலம். பதின்மூன்றாவது ஷாஃப்ட்டுக்கு அரை அங்குலம் போதாது! அந்தத் துண்டு 50 மில்லிமீற்றரில் ஏழு கிலோ. அது எங்கே போகிறது? மெஷினுக்குக் கீழே உருண்டு, எண்ணெய்யும் தூசியும் படிந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போகிறது. அதே கிழமை ஒரு புஷ் கடைய யாரோ புதுப் பாரில் நாலங்குலம் வெட்டியிருப்பார். எனது பட்டறையில் ஆறங்குலத்துக்கு மேற்பட்ட எல்லாத் துண்டுக்கும் ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. துண்டின் முகத்தில் அளவையும் ரகத்தையும் பெயின்ற் பேனையால் எழுதுகிறோம். புதுப் பாரில் கை வைக்கும் முன் தட்டைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பையன்களுக்கு இது சலிப்பான வேலைதான், முணுமுணுப்பார்கள்.

ரகத்தை எழுதுவது காசுக்காக மட்டும் அல்ல. சாதா இரும்பையும் ஈ.என்.8 ஐயும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஈ.என்.24 துருவேறிக் கிடந்தால் அதுவும் அப்படித்தான். வாங்கி வந்த அன்றே ஒரு முனைக்கு நிறம் பூசி, வெட்டும்போது மறுமுனையிலிருந்து வெட்டினால் நிறம் கடைசித் துண்டுவரை நிற்கும். எத்தனையோ பட்டறைகளில் நிறமும் பூசுவார்கள், முதல் வெட்டையும் அந்த முனையிலேயே போடுவார்கள்! சந்தேகம் வந்தால் கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பார்க்கலாம். சாதா இரும்பின் பொறி நீளமாக, கிளைகள் குறைவாகப் போகும். கரி கூடிய இரும்பில் பூப்போல நிறையக் கிளைகள் வெடிக்கும். வார்ப்பிரும்பில் சிவந்து கட்டையாக நிற்கும். இது பழைய பாஸ்மார் பழக்கிய வித்தை, முழுச் சோதனை அல்ல, ஆனால் பெரிய பிழையைப் பிடித்துக்கொடுக்கும். இறப்பர் ரோலரின் ஷாஃப்ட் முறிந்தால் ஒரு நாள் உற்பத்தி போகும், பக்கத்தில் நிற்பவரின் கையும் போகலாம். கடுகண்ணாவை இறக்கத்தில் வரும் லொறிக்குக் கடைந்த பின் எந்த இரும்பு என்று தெரியாமல் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இந்த இடத்தில்தான் 2022 இல் பரவிய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். “இரும்பை நீங்களே கொண்டு வாருங்கள், நாங்கள் கூலிக்கு மட்டும் கடைந்து தருகிறோம்.” காசு முடங்காது, விலைச் சண்டை இல்லை என்று பலருக்கு இது பிடித்துவிட்டது, சிலர் இன்றுவரை அப்படியே நடத்துகிறார்கள். பெரிய தொழிற்சாலை தன் ஸ்டோரிலிருந்து பற்றுச்சீட்டோடு அனுப்பினால் சரி. ஆனால் தனியாட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய லொறி அச்சு. மேலே கடினமாகப் பதப்படுத்தியது. டூல் முனை பறக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் கடைந்து முடியும்போதுதான் தெரியும். முறிந்தால் “பட்டறைக்காரன் கெடுத்துவிட்டான்” என்றுதான் ஊர் சொல்லும், இரும்பு யாருடையது என்று எவரும் கேட்கமாட்டார்கள். கூலிக்கு மட்டும் கடைபவன் கடைசியில் தன் பெயரை அடுத்தவன் இரும்பில் ஈடு வைக்கிறான்.

கன்மெட்டலைப் பற்றித் தனியாக இரண்டு வார்த்தை. செம்பும் வெள்ளீயமுமாக, எமது இறாக்கையில் ஆக விலை கூடிய சரக்கு அதுதான். வெளிவிட்டம் 75, உள்விட்டம் 50 மில்லிமீற்றர் புஷ் ஒன்றைத் திண்மமான உருளையிலிருந்து கடைந்தால் நூற்றுக்கு 44 பங்கு தூளாகப் போகிறது. துளையோடு வார்த்த குழாய்த் துண்டு கிடைத்தால் கிலோவுக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் அதுவே மலிவு. தூளையும் இரும்புச் சுருளோடு கலக்கவிடக் கூடாது. வேலை மாறும்போது லேத்தின் தட்டைத் துடைத்து, கன்மெட்டல் தூளைத் தனி வாளியில் போட்டால் அதற்கு உரிய விலை கிடைக்கும். கலந்துவிட்டால் பழைய இரும்புக்காரர் முகத்தைச் சுளித்து இரும்பு விலைதான் சொல்வார். அவரைக் குறைசொல்ல முடியாது.

வருடத்தில் ஒரு முறையாவது முழுவதையும் இறக்கி எண்ண வேண்டும். எமது சமூகத்தில் இதற்குத் தனியாக நாள் குறிக்கவே தேவையில்லை, ஸகாத் கணக்குப் பார்க்கும் நாள் ஏற்கனவே இருக்கிறது. லேத்தும் சக்கும் டூல்களும் அந்தக் கணக்கில் வராது. விற்பனைக்காக வைத்திருக்கும் சரக்கு, அன்றைய சந்தை விலையில் வரும். கடைந்து விற்பதற்காக வைத்திருக்கும் கம்பியும் வெட்டுத்துண்டும் எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது எனது துறை அல்ல. நான் சொல்ல வருவது, வாசலில் நின்றுகொண்டு “ஒரு அஞ்சு இலட்சம் இருக்கும்” என்று கண் மதிப்பில் சொல்வது எண்ணுவதாகாது என்பதைத்தான். அடியும் கிலோவும் எழுதிய கொப்பி இருந்தால் ஒரு பகலில் வேலை முடியும். ஸகாத்தும் சரியாகும், தொழிலுக்கும் வருடாந்தக் கணக்கு கிடைக்கும்.

இந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. அது தேவைப்படக் கூடாது என்று பிரார்த்திப்போம். 2001 மே மாதம் மாவனல்லையில் கடைகள் எரிந்ததை மறந்தவர்கள் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது கேகாலை மாவட்டத்தில் மண் சரிந்து, கண்டி வீதி மறிபட்டு, ரம்புக்கனைக்கு மேலே ரயில் ஏறாமல் நின்றதையும் கண்டோம். தண்ணீர் ஏறிய பட்டறையில் இரும்பு அழியாது, உண்மை. ஆனால் மினுக்கிய கம்பியும் பெயரிங் பெட்டிகளும் சேற்றில் ஊறினால் பாதி விலைக்கும் போகாது. காப்புறுதி எடுத்தவர்கள்கூட என்ன இருந்தது என்று எழுத்தில் காட்ட முடியாவிட்டால் மதிப்பீட்டாளர் சொல்வதை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். கலவரம், குழப்பம் என்பவற்றுக்கான காப்பு சாதாரண தீக் காப்புறுதியில் தானாக வருவதில்லை, அதை மேலதிகமாகக் கேட்டு எடுக்க வேண்டும். இதைக் கேட்காமல் கையெழுத்து வைத்தவர்கள் எம்மில் எத்தனை பேர்?

கடைசியாக ஒரு யோசனை. எமது பகுதியில் உள்ள பட்டறைகள் ஒவ்வொன்றும் கொழும்புக்குத் தனித்தனியாகப் போய், தனித்தனியாக லொறி பிடித்து, ஒரே விதமான கம்பியை வாங்கி வருகின்றன. எல்லோரிடமும் 38 மில்லிமீற்றர் மிதமிஞ்சி இருக்கிறது. எவரிடமும் பெரிய கன்மெட்டல் இல்லை. முஸ்லிம் பட்டறை, சிங்களப் பட்டறை என்று பாராமல் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு லொறி மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், கிடைப்பதற்கு அரிதான ரகங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கன்மெட்டல், ஒருவர் ஈ.என்.24, ஒருவர் வார்ப்பிரும்பு. தேவைப்படுபவர் வட்ஸ்அப்பில் கேட்டால் போயிற்று. எமது வீதியில் நாங்கள் மூன்று பட்டறைக்காரர்கள் சிறிய அளவில் இதைச் செய்து வருகிறோம். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சிங்களவர். பங்கு, ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். கடன் வாங்கிய இரும்பை ரூபாவாகத் திருப்பக் கூடாது. 50 மில்லிமீற்றர் ஈ.என்.8 இல் மூன்றடி வாங்கினால், விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், அதே ரகத்தில் அதே மூன்றடி ஒரு மாதத்துக்குள் திரும்பி வரவேண்டும். இதுவரை வந்துகொண்டிருக்கிறது. மாவனல்லைப் பக்கத்து நண்பர்கள் சிலரும் சேர விரும்புவதாகக் கேள்வி. தூரம் கொஞ்சம் கூடுதல், முச்சக்கர வண்டியில் பத்தடிக் கம்பி ஏற்ற முடியாது. அதற்கு மட்டும் ஒரு வழி பார்க்க வேண்டியிருக்கிறது.